பெட்டிக்குப் பக்கத்துக் கட்டில்

சதாசிவம் சார் இறந்த செய்தி வந்தபோது என் வலது கை தோள்பட்டை வரை ஒரு பசுவுக்குள் இருந்தது. எங்கள் மலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சிற்றூர். கன்று தலையை மடக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. என் மேலங்கிப் பையில் கைப்பேசி அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. மாட்டுக்காரர்தான் எடுத்துப் பேசினார். "டாக்டரம்மா கை மாட்டுக்குள்ள இருக்குதுங்க, அப்புறமா கூப்புடுங்க" என்றவர் மறுமுனை சொன்னதைக் கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம வாத்தியாரு போயிட்டாருங்களாம். ஆம்புலன்ஸுல கீழ கொண்டு போறப்பவே. அடிவாரத்துக் காரவள்ளிகூடப் போய்ச் சேரலீங்களாம்."

கையை எடுக்க முடியாது. எடுத்தால் கன்றும் போய்விடும், தாயும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு கன்றின் தலையைத் திருப்பி இழுத்தேன். கன்று உயிரோடு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், யாரோ டீ போடப் போனார்கள். நான் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சோப்பைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்துவந்து வைத்தேன்.

நினைவுக் கூட்டத்தில் கொடுக்க ஒரு சிறு மலர் போடுகிறோம், சாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்று பள்ளித் தலைமையாசிரியை கேட்டார். சார் நல்லவர் என்பதை அவரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதப்போவது ஒரு சிலந்திக்கு வந்த நோயைப் பற்றி. பொறுத்துக்கொள்ளுங்கள். அவரை நினைத்தால் எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் வரமாட்டேன் என்கிறது.

அவரை அறியாதவர்கள் கையிலும் இந்த மலர் போகலாம். சார் எங்கள் மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் விலங்கியல் ஆசிரியர். வயது ஐம்பத்திரண்டு. மனைவி செல்வியும் மகளும் நாமக்கல்லில். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் இறங்கிப் போவார், திங்கள் காலை ஏறி வருவார். மற்ற நாட்களில் மிளகு விவசாயி மாரப்பன் வீட்டோடு ஒட்டிய ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். நான் சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்தில் கால்நடை மருத்துவர். "டாக்டரம்மா வயசுல எனக்குச் சின்னவங்க, வாயில பெரியவங்க" என்று எல்லோரிடமும் அறிமுகப்படுத்துவார். அதை நான் மறுத்ததில்லை.

சிலந்தி அவரிடம் வந்தது மாரப்பன் புண்ணியத்தில். பட்டுப்போன மரம் ஒன்றைப் பிளந்தபோது உள்ளேயிருந்து கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் மயிரோடு ஒரு டாரன்டுலா விழுந்தது. ஒரு கால் ஒடிந்துவிட்டது. மாரப்பன் அதைக் கொல்லாமல் ஒரு சட்டியால் மூடி வைத்துவிட்டு வாத்தியாரைக் கூப்பிட்டார். தோல் உரிக்கும்போது இதற்குப் புதுக் கால் முளைத்துவிடும், கால் சரியானதும் காட்டில் விட்டுவிடுகிறேன் என்று சொல்லி சார் அதை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். பெண் சிலந்தி என்று பார்த்துச் சொன்னதும் அவர்தான். "ஒரே அறையில இருக்கறோம், மரியாதை வேணாமுங்களா?" என்று அதற்கு மேடம் என்று பெயரும் வைத்தார். மாரப்பன் வீட்டில் எல்லோரும் அதை மேடம் என்றே பேசப் பழகிவிட்டார்கள்.

ஒரு மழைக்காலக் காலையில் மேடத்தைப் பெட்டியோடு என் மருந்தகத்துக்குக் கொண்டுவந்தார். ஆட்டுக்குட்டிகளோடு வரிசையில் நின்ற பெண்கள் பெட்டியைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அன்றைக்கு அவர்தான் முதல் ஆள்.

"டாக்டரம்மா, மேடத்துக்கு உடம்பு சரியில்லீங்க. சாப்பிடறதில்ல. கால் ஆடுது."

"சார், என் படிப்பு நாலு கால் வரைக்கும்தான். மிச்சக் காலுக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பு."

"ஊசி போடறதா இருந்தா எந்தக் கால்ல போடுவீங்க?"

"எந்தக் கால் எனக்குப் பக்கத்துல இருக்கோ அதுல."

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு குனிந்து பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "வாய் இருக்கறவன் சொல்லிக்குவான் டாக்டரம்மா. வாயில்லாததுக்குத்தான் நாம கேக்கணும்." அவர் வகுப்பில் உட்கார்ந்த எல்லோருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். அப்போது எனக்கு அது பிடித்திருந்தது.

நாங்கள் கேட்க ஆரம்பித்தோம். தோல் உரிப்பதற்கு முன் பட்டினி கிடக்கும், அதுவாக இருக்கும் என்று ஒரு வாரம் விட்டுப் பார்த்தார். உரிக்கவில்லை. நடை மோசமானது. ஒரு காலை எடுத்து வைக்கும், அது வைத்த இடத்தில் நிற்காமல் வெடவெடவென்று ஆடும். கண்ணாடியில் பாதி ஏறி விழும். போகிற வழி தெரியாததுபோல் ஒரே இடத்தில் சுற்றும். தண்ணீர் போதவில்லையோ என்று மூடியில் தண்ணீர் வைத்தோம். உண்ணி ஏதாவது பிடித்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தோம். ஒன்றுமில்லை. தீனியாகப் போட்ட வெட்டுக்கிளிகளை மாரப்பனின் மரவள்ளிக் காட்டில்தான் பிடிக்கிறார் என்று தெரிந்ததும், மருந்து அடித்த செடியில் மேய்ந்த பூச்சி, இதுதான் காரணம் என்று குதித்தேன். அன்றிலிருந்து விளைநிலம் தாண்டி நடந்துபோய் வனத்தோரத்தில் பூச்சி பிடித்தார். இரண்டு வாரம். மேடம் ஆடுவது நிற்கவில்லை. கொசுவத்தியை நிறுத்தச் சொன்னேன். கொசுக்கடியோடு படுத்தார். அதுவும் இல்லை.

அந்த நாட்களில் தினமும் மாலை என் மருந்தகத்துக்கு வந்து டீ குடித்தபடி அன்றைய நிலவரம் சொல்வார். ஒருநாள் அவர் கையிலிருந்த டம்ளர் ஆடி டீ சட்டையில் சிந்தியது. "என்ன சார், மேடத்தோட சேர்ந்து நீங்களும் ஆட ஆரம்பிச்சுட்டீங்க?" என்றேன். "கூட்டாளி ஆடுனா நாம மட்டும் சும்மா நிக்க முடியுங்களா?" என்றார். இருவரும் சிரித்தோம். இதை எழுதும்போதுகூட அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. நிறுத்த முடிந்தால் நிறுத்தியிருப்பேன்.

காலாண்டு விடுமுறைக்கு மேடத்தைத் தனியாக விட மனமில்லாமல் பெட்டியைத் துணிப்பையில் வைத்து பஸ் ஏறினார். பையில் என்ன என்று கேட்ட கண்டக்டரிடம் "நோயாளிங்க, கொண்டை ஊசி வளைவுல கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றாராம். கண்டக்டர் பையைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த ஊர் வரை அந்தப் பக்கமே வரவில்லையாம்.

திரும்பி வந்ததும் நேரே என்னிடம் வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "டாக்டரம்மா, கண்டுபுடிச்சாச்சுங்க. கீழ போன நாலாம் நாள் மேடம் ஆடறது நின்னுபோச்சு. ஆறாம் நாள் ரெண்டு கரப்பான் சாப்பிட்டுச்சு. கண்ணாடி மேல ஏறுது. எனக்கும் அதேதானுங்க, கீழ போனா தலைவலி நின்னுடுது, கை நிதானமா இருக்குது. ரெண்டு பேருக்கும் மலைக்காத்து ஒத்துக்கல போல."

கடைசி இரண்டு வாக்கியங்களைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். அவர் சொன்னார். வாய் இருந்தது, சொன்னார். நான் அதில் மேடத்தைப் பற்றிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மலையிலேயே பிறந்த சிலந்திக்கு மலைக்காற்று எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று அவரை மடக்கினேன். அவர் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் கோளாறு அந்த அறையில்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தோம். பெட்டி அறைக்குத் திரும்பிய ஐந்தாம் நாள் மேடம் மறுபடி ஆடத் தொடங்கியது. சந்தேகமே இல்லாமல் போனது.

மறுநாள் பகலில் டார்ச்சோடு போனேன். சின்ன அறை. சுவரோரம் மேசை, மேசை மேல் பெட்டி, மேசையை ஒட்டிக் கட்டில். மேலே பலகைப் பரண். உள்ளே நுழைந்ததும் பூச்சிமருந்து வாடை அடித்தது. மருந்தடிக்கும் சமயத்தில் எங்கள் மலையில் எந்த வீட்டில் அந்த வாடை இல்லை? சாரைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே, மூக்கு பழகிப்போச்சு போல" என்றார். நாற்காலி போட்டு ஏறிப் பரணைப் பார்த்தேன். மரவள்ளிக்கு அடிக்கிற மருந்து டப்பாக்கள், அளக்கிற மூடிகள், கழுவாத ஸ்பிரேயர். ஒரு டப்பா அடியில் வெடித்துக் கசிந்து, பலகை எண்ணெயாக ஊறிப்போயிருந்தது. இறங்கிக் கீழிருந்து டார்ச் அடித்தேன். பலகையின் அடிப்புறத்தில் கறை. நேர் கீழே மேடத்தின் பெட்டி.

மாரப்பனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். மனுசன் இருக்கிற அறையில் யாராவது மருந்து வைப்பார்களா என்று கேட்டேன். அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதானுங்க சொன்னீங்க, டாக்டரம்மா. கொட்டாயில வெக்காதீங்க, மாடு எட்டாத எடத்துல வைங்கன்னு. இந்த அறைக்குத்தானுங்க மாடு வராது."

சொன்னேன். அதற்கு முந்தைய வருடம் அவருடைய பசு கொட்டகையில் இருந்த மருந்து டப்பாவை நக்கிச் செத்துப்போனது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, இனிமேல் எவனாவது கொட்டகையில் மருந்து வைத்தால் உங்கள் மாட்டுக்கு நான் வரமாட்டேன் என்று கத்தினேன். மாடு எட்டாத இடம் என்றுதான் சொன்னேன். மனுசர் எட்டாத இடம் என்று சொல்லத் தோன்றவில்லை. இருபது வருடமாக மாட்டுக்குப் பேசிப் பேசி எனக்கு அப்படித்தான் வாய் வரும். என் பேச்சைத் தட்டாமல் கேட்ட ஒரே ஆள் மாரப்பன்.

எந்த மாட்டுக்கு என்ன நோய் என்று பிடிபடாவிட்டாலும் நான் முதலில் சொல்வது, கட்டுத்தறியை மாற்றிப் பாருங்கள் என்பதுதான். அன்றும் அதையே சொன்னேன். மழை நின்றதும் தனியாக ஒரு கொட்டகை போட்டு மருந்தை இறக்கிவிடுகிறேன் என்றார் மாரப்பன். "அவசரமில்லீங்க" என்றார் சார். "பெட்டிய பள்ளிக்கூடத்து ஆய்வகத்துக்கு எடுத்துட்டுப் போயிடறேன். மேடம்தான் பாவம், சின்ன உசுரு. நமக்கென்னங்க?"

நமக்கென்ன. நான் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே டார்ச்சை அணைக்கப் போனேன். அணைப்பதற்குள் வெளிச்சம் பலகையில் நகர்ந்தது. கறை பெட்டிக்கு மேலே மட்டும் இல்லை. பரண் நெடுக ஓடி, கட்டிலில் தலையணை கிடந்த இடம் வரை வந்திருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தேன்.

பெட்டி பள்ளிக்கூடத்துக்குப் போனது. பத்து நாளில் மேடம் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் தோலும் உரித்தது, புதுக் கால் முளைத்தது. ஆசிரியர் அறையில் சார் இனிப்பு கொடுத்தார். என்னையும் அழைத்து, சிலந்திக்கு நோய் கண்டுபிடித்த டாக்டரம்மா என்று எல்லோர் முன்னிலையிலும் துண்டு போர்த்தினார். உங்களில் பலர் அன்று கை தட்டினீர்கள். நானும் பெருமையாகத்தான் நின்றேன்.

மழை நின்றது. மிளகு பறிப்பு வந்தது, மாரப்பனுக்குக் கொட்டகை போட நேரமில்லை. யாரும் ஞாபகப்படுத்தவில்லை. சாருக்குச் சட்டை தொளதொளவென்று ஆனது. கரும்பலகையில் அவர் எழுத்து கோணுகிறது என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். கண்ணில் எப்போதும் நீர். "சுகர் பாத்தீங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டேன். "பாத்தேன், இல்லீங்க." "அப்ப டீயைக் குறைங்க." என் சிகிச்சை அவ்வளவுதான். ஒரு சிலந்திக்கு இரண்டு மாதம் காரணம் தேடியவள் நான். ஐந்து மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் அந்த அறையிலேயே மூச்சுத் திணறி விழுந்தார்.

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்த மருந்துதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. கண்ணை மூடினால் பலகைக் கறை வருகிறது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தலை தானாக மேலே பார்க்கிறது. சில நாள் காலையில் என் சட்டையிலேயே அந்த வாடை அடிக்கிறது. துவைத்த சட்டை.

காரியம் முடிந்த பிறகு செல்வி சாருடைய பொருட்களை எடுத்துப் போக மலை ஏறி வந்தார். ஆய்வகத்தில் புத்தகங்களைக் கட்ட நான் உதவினேன். சன்னலோரம் பெட்டிக்குள் மேடம் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. செல்வி கிட்டே போய்ப் பார்த்தார்.

"லீவுக்குக் கொண்டாந்தப்ப இதுக்குக் காலெல்லாம் வெடவெடன்னு ஆடிட்டு இருந்துச்சுங்க. அங்க நல்லாகி, இங்க வந்ததும் மறுபடி ஆடுதுன்னாரு. பொழச்சுக்கிச்சுங்களா?"

"பொழச்சுக்கிச்சுங்க."

"என்ன வைத்தியம் பண்ணுனீங்க?"

ஏதோ ஒரு மாத்திரையின் பெயர் நாக்கு வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், நானும் தப்பித்திருப்பேன். பொய் சொல்லக் கூசியது என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன். பெட்டிக்குள் அந்தக் கால்கள் ஒவ்வொன்றாக நிதானமாக எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் திறந்துவிட்டது. ஊர்க்கூட்டத்தில் கத்தியதிலிருந்து டார்ச்சை அணைத்தது வரை எல்லாம் சொன்னேன். அவர் கையிலிருந்த சணல் கயிறு அப்படியே இருந்தது.

அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அவரும் கீழ வந்தா ரெண்டு நாள்ல நல்லாயிடுவாருங்க. கை ஆட்டம் நின்னுரும், நல்லாச் சாப்பிடுவாரு. என் கைச் சோறுதான்னு நெனச்சுக்கிட்டேன். அதுல எனக்கு ஒரு சந்தோசமுங்க."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். மிச்சப் புத்தகங்களைக் கட்டி முடித்தார். மேடத்தைக் காட்டிலேயே விட்டுவிடுங்கள் என்றார். அன்று மாலையே இருவரும் போய் ஒரு பலா மரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். அது அவசரமே இல்லாமல் ஏறிப் போனது. செல்வி அழுதார். நான் அழவில்லை, எனக்கு அந்த உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அவருடைய பேனாவையோ புத்தகத்தையோ நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. சாரிடமிருந்து எனக்கு மிச்சம் ஒரே ஒரு கேள்வி. அவரிடம் நான் கேட்காத கேள்வி. வாயில்லாததற்காகக் கேட்கச் சொன்னார். வாய் இருக்கிறவர்களிடமும் கேட்க வேண்டும் என்பதை அவர் போன பிறகு நானாகக் கற்றுக்கொண்டேன்.

போன வாரம் ஒரு பெண் ஆட்டுக்குட்டியைச் சேலையில் சுற்றிக்கொண்டு வந்தார். குட்டிக்குத் தலை நடுங்கியது, வாயில் நுரை.

"குட்டி எங்கம்மா படுக்குது?"

"ஊட்டுக்குள்ளதானுங்க. வெளிய குளுரு."

"நீங்க எங்க படுக்கறீங்க?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏனுங்க டாக்டரம்மா, குட்டிக்குத்தானுங்க ஒடம்பு சரியில்ல."

"தெரியுதுங்க. நீங்க எங்க படுக்கறீங்க?"

சிரிப்பு நின்றது. இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அது பக்கத்துலதானுங்க" என்றார்.

மருந்தகத்தைப் பூட்டிவிட்டு அவரோடு நடந்தேன். அவர் பாய் விரிக்கும் இடத்துக்கு மேலே பரணில் தினை மூட்டையும் பழைய பாத்திரங்களும்தான் இருந்தன. மூட்டையை நகர்த்திப் பலகையைத் தடவிப் பார்த்தேன். கையை மோந்து பார்த்தேன். அதன் பிறகுதான் இறங்கி வந்து ஆட்டுக்குட்டியின் வாயைத் திறந்தேன்.